குளிர்கால டிரேடுகளும் தடுமாறும் ஆட்டக்காரர்களும்: ஒரு ரெட் சாக்ஸ் ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்டனுக்கு மேற்கே, வூஸ்டர் பக்கம் குடியிருக்கிறேன். 2005-இல் வேலைக்கு வந்தவன், வந்த வருடமே பேஸ்பால் பைத்தியமும் பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணிப் பைத்தியமும் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நவம்பரிலும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாக டைப் பண்ணி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கருத்துகள் என்னுடையவை. எங்கள் வீட்டிலேயே இவற்றை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை.

சீசன்தான் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் விடிந்ததும் போனைத் தேடுகிறீர்கள்?

என் மனைவி கேட்பது. ஆட்டம்தான் முடிந்திருக்கிறது, வியாபாரம் இப்போதுதான் ஆரம்பம். வேர்ல்ட் சீரிஸ், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடர், முடிந்த கையோடு, ஒப்பந்தம் தீர்ந்தவர்கள் எந்த அணிக்கும் போகலாம் என்கிற ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிடுவார்கள். டிசம்பரில் வின்டர் மீட்டிங்ஸ் என்று முப்பது அணிகளின் நிர்வாகிகளும் ஒரே ஊரில் கூடுவார்கள். யாரை யாருக்குக் கொடுத்து யாரை வாங்கலாம் என்ற பேச்சு ராத்திரி பகலாக நடக்கும். பிப்ரவரி நடுவில் ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம் தொடங்குகிறவரை இதே கதைதான். கோடையில் ஆட்டம் பார்த்து எனக்கு வருகிற கோபத்தைவிட, குளிர்காலத்தில் செய்தி படித்து வருகிற கோபம் அதிகம்.

டிரேட் என்றால் ஐ.பி.எல். ஏலம் மாதிரியா?

கோயம்புத்தூரிலிருந்து மச்சினன் கேட்டது. இல்லை மாப்ளே. ஏலத்தில் ஆளுக்குப் பணம், டிரேடில் ஆளுக்கு ஆள். 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டுச் சென்னை அணி சஞ்சு சாம்சனை எடுத்ததே, அன்றைக்கு நம் குடும்ப குரூப்பில் எவ்வளவு சண்டை? அந்தச் சண்டை இங்கே வருடா வருடம் பத்து இருபது தடவை நடக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள். ஆள் போனால் அவருடைய ஒப்பந்தமும் கூடவே போகும். ஒருவருக்கு இன்னும் ஐந்து வருடத்துக்குப் பெரிய சம்பளம் பாக்கி இருக்கிறது, ஆனால் அடிக்க முடியவில்லை என்றால், அவர் சொத்து இல்லை, கடன். கடனை யாராவது வாங்குவார்களா? வாங்குவார்கள். ஒன்று, பழைய அணி பாதிச் சம்பளத்தைத் தானே கட்டுவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கூடவே ஒரு நல்ல ஆளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கீழே வருகிற கதைகளில் பாதி இதுதான்.

ஆட்டக்காரர் "நான் போகமாட்டேன்" என்று சொல்ல முடியாதா?

பெரும்பாலானவர்களால் முடியாது. மேஜர் லீகில், அதாவது இங்கே பேஸ்பாலின் உச்ச நிலையில், ஆறு வருட சர்வீஸ் முடிகிறவரை அணி சொல்கிற இடம்தான். பத்து வருட சர்வீஸும் அதில் கடைசி ஐந்து ஒரே அணியிலும் இருந்தால் மறுக்கும் உரிமை தானாக வரும். ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு ஷரத்து எழுதி வாங்கினவர்களும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், ஆட்டக்காரரே சம்மதித்தும் நடக்காமல் போன டிரேடும் இருக்கிறது. 2003 டிசம்பரில் அலெக்ஸ் ரோட்ரிகஸ் டெக்சாஸிலிருந்து பாஸ்டன் வருவதற்காகத் தன் சம்பளத்தில் சுமார் 2 கோடியே 80 லட்சம் டாலர் குறைத்துக்கொள்ளவும் தயாராக இருந்தார். ஆட்டக்காரர்கள் சங்கம் கூடாது என்றுவிட்டது. ஒருவர் குறைத்தால் நாளைக்கு எல்லோரையும் குறைக்கச் சொல்வார்கள் என்ற நியாயம், தொழிற்சங்கம் பார்த்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு மாதம் கழித்து ரோட்ரிகஸ் எங்கள் பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். யாங்கீஸின் தேர்ட் பேஸ்மேன் (ரன்னுக்காக ஓடித் தொட வேண்டிய முனைகளில் மூன்றாவதைக் காப்பவர்) ஏரன் பூன் சும்மா கூடைப்பந்து விளையாடப் போய் முட்டியை உடைத்துக்கொண்டதுதான் காரணம். அந்த வருடம், 2004-இல், கோப்பை எங்களுக்கு வந்தது. 86 வருடத்துக்குப் பிறகு. நடக்காத டிரேடுக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

மூக்கி பெட்ஸை விற்ற கோபம் இன்னுமா?

இன்னும்தான்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: 2018-இல் ரெட் சாக்ஸ் 108 ஆட்டம் ஜெயித்துக் கோப்பையும் வாங்கியது. மேஜர் லீகின் இரண்டு பாதிகளில் எங்களுடையதான அமெரிக்கன் லீகின் எம்.வி.பி., அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர், பெட்ஸ். எங்கள் பண்ணையிலேயே, அதாவது எங்களுடைய கீழ்நிலை அணிகளிலேயே, விளைந்தவர், அப்போது வயது 26. இரண்டே வருடம்கூட ஆகவில்லை, 2020 பிப்ரவரியில் அவரையும் டேவிட் பிரைஸையும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் என்ற மூன்று பேரை வாங்கினோம். பிரைஸின் மிச்சச் சம்பளத்தில் பாதியையும் நாங்களே கட்டினோம்.

ஏன்? அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் லக்ஷரி டேக்ஸ் கட்ட வேண்டும். 2020-இல் அந்த வரம்பு 20 கோடியே 80 லட்சம் டாலர். தொடர்ந்து தாண்டினால் முதல் வருடம் 20 சதவீதம், அடுத்து 30, மூன்றாவது வருடம் 50. நாங்கள் 2018-இலும் 2019-இலும் தாண்டியிருந்தோம். ஒரு வருடம் கீழே இறங்கிவிட்டால் மீட்டர் பூஜ்யத்துக்குப் போய்விடும். மீட்டரைத் திருப்ப பெட்ஸைத் திருப்பிவிட்டார்கள். "அடுத்த வருடம் அவர் எப்படியும் ஃப்ரீ ஏஜென்ட், இங்கே கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்" என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். டாட்ஜர்ஸ் ஐந்தே மாதத்தில் 12 வருடம், 36 கோடியே 50 லட்சம் டாலர் என்று அவரிடம் கையெழுத்து வாங்கிக் காட்டினார்கள். அவர் போன பிறகு 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பை அவர்களுக்கு. 2020-இல் நாங்கள் டிவிஷனில் கடைசி.

எனக்கு இது சொந்தத் துக்கம் ஆனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2021-இல் ரெட் சாக்ஸின் ட்ரிபிள்-ஏ அணி (மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே ஆடும் அணி) வூஸ்டருக்குக் குடிவந்தது. போலார் பார்க் என் வீட்டிலிருந்து இருபது நிமிடம். பெட்ஸுக்குப் பதிலாக வந்த ஜீட்டர் டவுன்ஸை அங்கேதான் போய்ப் போய்ப் பார்த்தேன். பெற்றோர் அவருக்கு வைத்த பெயரே யாங்கீஸின் டெரிக் ஜீட்டர் ஞாபகமாக. அதையும் பொறுத்துக்கொண்டோம். அவர் பேட்டிங்குக்கு வரும்போதெல்லாம் ஸ்கோர்போர்டில் சராசரி .200-க்குக் கீழேயே நிற்கும், அதாவது ஐந்து முறை அடிக்கப் போனால் ஒரு ஹிட்கூட (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸுக்குப் போய்ச் சேர்வது) இல்லை. பையன் சோம்பேறி இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் தரைப் பந்துகளைக் குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டே இருப்பார். மைதானத்தில் எல்லோருடைய கண்ணும் அவரைப் பார்த்து "இதற்கா அவரைக் கொடுத்தோம்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியைத் தோளில் சுமந்துகொண்டு யாரால் அடிக்க முடியும்? 2022-இல் பாஸ்டனுக்காக 14 ஆட்டம் ஆடினார், .154. அந்த டிசம்பரில் விட்டுவிட்டார்கள்.

தோற்றுப்போன டிரேடை நான் மன்னித்துவிடுவேன். ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஏமாந்தால் அது விளையாட்டு. கணக்குப்பிள்ளை பென்சிலை எடுத்துச் செய்கிற டிரேடைத்தான் என்னால் ஜீரணிக்க முடிவதில்லை.

இன்னொன்று. 2025 கோடை முழுக்க பெட்ஸே தடுமாறினார். செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு மாறி, சீசனை .258-இல் முடித்தார், அவருக்கு அது மிகவும் கம்மி. டாட்ஜர்ஸ் பதறவில்லை. நவம்பர் 1 ராத்திரி டொராண்டோவில் ஏழாவது ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ், தரையோடு வந்த பந்தை எடுத்து, செகண்ட் பேஸை மிதித்து, ஃபர்ஸ்ட்டுக்கு எறிந்து வேர்ல்ட் சீரிஸை முடித்து வைத்தது அதே பெட்ஸ். நான் டிவியை அணைத்துவிட்டு ரசம் சூடு பண்ணப் போய்விட்டேன்.

பேப் ரூத் விற்பனையைவிட மோசமா?

இல்லை. ஆனால் 1919 டிசம்பரில் பேஸ்பாலின் மிகப் பெரிய பெயரான ரூத்தை பாஸ்டனிலிருந்து யாங்கீஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றவர்களும் நியாயம் சொல்லத்தான் செய்தார்கள்.

உங்களுக்கு மிகவும் பிடித்த குளிர்கால டிரேட் எது?

2005 நவம்பர். நான் இந்த ஊரில் பார்த்த முதல் குளிர்காலம், முதல் தேங்க்ஸ்கிவிங். பேஸ்பால் என்றால் என்ன என்றே பாதிதான் தெரியும். அந்த வாரம் ஃப்ளோரிடா மார்லின்ஸிடமிருந்து ஜாஷ் பெக்கெட் என்ற இளம் பிட்ச்சரை (பந்து வீச்சாளரை) வாங்கினார்கள், அதற்கு ஹான்லி ராமிரஸ், அனிபால் சான்செஸ் என்ற அருமையான பையன்களைக் கொடுத்தார்கள். இத்தனைக்கும் அப்போது ஆட்களை வாங்கி விற்கிற ஜெனரல் மேனேஜரே அணிக்குக் கிடையாது. தியோ எப்ஸ்டைன் அக்டோபர் 31 அன்று ராஜினாமா செய்து, நிருபர்கள் கண்ணில் படாமலிருக்கக் கொரில்லா வேஷத்தில் வெளியே போனார் என்று அலுவலகத்தில் சொன்னபோது, புதிதாக வந்தவனைக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே நடந்தது.

அந்த டிரேடில் ஒரு கொசுறு இருந்தது. நம் ஊரில் காய்கறிக்காரர் கொசுறாகக் கொத்தமல்லி கொடுப்பார். இங்கே கொசுறுக்கு நாம் காசு கொடுக்க வேண்டியிருந்தது. "பெக்கெட் வேண்டுமென்றால் மைக் லோவெலையும் எடுத்துக்கொள், இரண்டு வருடத்துக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் சம்பளம் பாக்கி" என்று தலையில் கட்டினார்கள். நல்ல தக்காளி கேட்டால் சொத்தைக் கத்தரிக்காயையும் சேர்த்து எடு என்கிற மாதிரி. லோவெல் 2005-இல் .236 அடித்து, மொத்தமே 8 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி). வயது 31. சாப்பாட்டு அறையில் என் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், பிறந்ததிலிருந்து பாஸ்டன் ரசிகர், சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஆள் முடிந்துபோனார்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

2007-இல் அந்த ஆள் .324 அடித்தார், 120 ரன்களைக் கொண்டுவந்தார். ரெட் சாக்ஸ் கோப்பை வாங்கியது, வேர்ல்ட் சீரிஸ் எம்.வி.பி. மைக் லோவெல். பெக்கெட்டும் அந்த வருடம் 20 ஆட்டம் ஜெயித்தார். பெரியவர் மறுநாள் லோவெல் பெயர் போட்ட டீஷர்ட்டில் வந்தார். சாண்ட்விச் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இதில் மார்லின்ஸ் ஏமாளிகளா என்றால், ஹான்லி 2006-இல் நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம், 2009-இல் பேட்டிங் சாம்பியன். அவர்களுக்கும் லாபம்தான். ஆனால் அவர்கள் லோவெலைத் தள்ளிவிட்டது காசு மிச்சம் பிடிக்க. மேலே கணக்குப்பிள்ளையைத் திட்டினேனே, ஃப்ளோரிடாக் கணக்குப்பிள்ளையின் பென்சிலால்தான் எங்களுக்கு 2007 கிடைத்தது. தெரிந்தேதான் திட்டுகிறேன்.

கிறிஸ் சேலை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது பெட்ஸ் அளவுக்குத் தப்பா?

முடிவை மட்டும் பார்த்தால், ஆமாம். 2023 டிசம்பர் 30 அன்று எங்கள் பிட்ச்சர் சேலையும் கூடவே 1 கோடியே 70 லட்சம் டாலரையும் கொடுத்து வான் கிரிஸம் என்ற பையனை வாங்கினோம். சேல் 2024-இல் 18 வெற்றி, 3 தோல்வி, 225 ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே ஆளை அவுட் ஆக்குவது). ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன், 2.38. மூன்றிலுமே லீகில் முதலிடம், சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது, வாழ்க்கையில் முதல் முறை. கிரிஸம் அதே வருடம் எங்களுக்கு 31 ஆட்டம், .190.

ஆனால் நான் கோபப்படவில்லை. சேலின் கடைசி நாலு வருடத்தை நினைத்துப் பாருங்கள். 2020-இல் முழங்கை அறுவை சிகிச்சை, அந்த சீசன் முழுக்கப் போச்சு. 2022-இல் முதலில் விலா எலும்பு. அது சரியாகி வந்த இரண்டாவது ஆட்டத்திலேயே அடித்த பந்து நேராக வந்து சுண்டு விரலை உடைத்தது. அது ஆறுவதற்குள் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நாலு வருடத்தில் மொத்தம் 31 ஆட்டம்தான் தொடங்கினார். நம் பாட்டிகள் இருந்திருந்தால் பூசணிக்காய் சுற்றி உடைத்திருப்பார்கள். அந்த நிலைமையில் செகண்ட் பேஸுக்கு ஒரு 22 வயதுப் பையன் கிடைக்கிறான் என்றால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். கிரிஸமுக்கு வந்த உடனேயே தொடைத் தசைப் பிடிப்பு, அதிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. 2018 வேர்ல்ட் சீரிஸின் கடைசிப் பந்தை வீசி மன்னி மச்சாடோவை முட்டி போட வைத்தவர் சேல். அவர் எங்கே ஜெயித்தாலும் எனக்குச் சந்தோஷம்.

ஒரு ஆட்டக்காரர் தடுமாறுகிறார் என்றால் எவ்வளவு மோசமாகப் போகலாம்?

54 முறை பேட் பிடித்து ஒரு ஹிட்கூட இல்லாமல் போகலாம்.

பால்டிமோர் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ். 2016-இல் ஏழு வருடத்துக்கு 16 கோடியே 10 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார். 2018-இல் சராசரி .168-க்கு விழுந்தது. அந்த செப்டம்பரில் ஒரு ஹிட் அடித்தவர், அடுத்த ஹிட்டுக்கு 2019 ஏப்ரல் 13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது நடந்த இடம் எங்கள் சொந்த மைதானமான ஃபென்வே பார்க். நான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இன்னிங்ஸ், பந்து போட்டது எங்கள் ரிக் போர்செல்லோ. மட்டையில் பட்டு வலதுபக்கம் புல்லில் விழுந்தது, இரண்டு ரன் வந்தது. டேவிஸ் ஃபர்ஸ்ட் பேஸில் நின்று சிரித்தார், பந்தைத் தன் அணியிடம் கொடுக்கும்படி கை காட்டினார். புது ஆட்டக்காரர்கள்தான் முதல் ஹிட் பந்தை எடுத்து வைத்துக்கொள்வார்கள். 33 வயதுக்காரர், ஒரு காலத்தில் ஒரே சீசனில் 53 ஹோம் ரன் அடித்தவர், சாதாரண ஒரு சிங்கிள் பந்தைக் கேட்கிறார். எதிரணிதான், இருந்தாலும் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அன்று மூன்று ஹிட் அடித்தார், நாங்கள் தோற்றோம்.

அவரை எந்த அணிக்காவது டிரேட் செய்திருக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு: மேலே சொன்ன கடன் கணக்கு. யாரும் வாங்கவில்லை. 2021-இல் ஓய்வு பெற்றுவிட்டார். சம்பளத்தில் தள்ளிப்போட்ட பகுதி 2037 வரை வந்துகொண்டே இருக்கும்.

.250 அடிப்பவருக்கும் .300 அடிப்பவருக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

500 முறை அடிக்கப் போனால் ஒருவருக்கு 125 ஹிட், இன்னொருவருக்கு 150. சீசன் சுமார் 26 வாரம். வாரத்துக்கு ஒரே ஒரு ஹிட். அந்த ஒன்று காற்றில் தள்ளியோ கையுறை நுனியில் பட்டோ போய்விடலாம். ஏப்ரல் மாத சராசரியைப் பார்த்து ஒருவரை விற்கச் சொல்கிறவர்களிடம் நான் வாயைத் திறப்பதே இல்லை.

அப்படியானால் எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்?

இதற்குச் சூத்திரம் இருந்தால் எனக்கும் அனுப்புங்கள். எனக்குத் தெரிந்தது டேவிட் ஆர்ட்டிஸ் கதைதான். 2002 டிசம்பரில் மினசோட்டா அவரை டிரேட்கூடச் செய்யவில்லை, சும்மா விடுவித்தது. வாங்க ஆளில்லை என்று அர்த்தம். அடுத்த மாதம் பாஸ்டன் 12 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு எடுத்துக்கொண்டது. 2004, 2007 கோப்பைகளுக்குப் பிறகு, 2009-இல் மே 20 வரை அவருக்கு ஒரு ஹோம் ரன்கூட இல்லை. "வயசாச்சு, கதை முடிந்தது" என்று ஊரே பேசியது. நானும் பேசினேன், என்ன செய்ய. அந்த சீசனை 28 ஹோம் ரன்னோடு முடித்தார். 2013-இல் வேர்ல்ட் சீரிஸ் எம்.வி.பி. 2016-இல், 40 வயதில், .315, 38 ஹோம் ரன் என்று அடித்து, 127 ரன்களைக் கொண்டுவந்துவிட்டுத் தானாக விடைபெற்றார். இப்போது பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

ஆர்ட்டிஸை வைத்து எல்லோரையும் பொறுக்க முடியாது என்று என் மகன் சொல்வான். உண்மைதான். ஆனால் நான் பார்ப்பது ஒன்று: பந்தைத் தப்பாகத் தேர்ந்தெடுக்கிறாரா, சரியாகத் தேர்ந்தெடுத்தும் அடி தாமதமாகிறதா? முதலாவது மனசு, அது திரும்பும். இரண்டாவது உடம்பு, அது பல சமயம் திரும்பாது. இது ஆராய்ச்சி இல்லை, இருபது வருடம் சோபாவில் உட்கார்ந்து கண்டுபிடித்தது.

ஃபென்வேயில் தடுமாறுகிறவர்களைப் பார்த்து நீங்களும் "பூ" (boo) என்று கேலியாகக் கத்துவீர்களா?

ஃபென்வேயில் நிறையக் கத்தியிருக்கிறேன், முப்பத்தேழாயிரம் பேரில் ஒருவனாக. போலார் பார்க்கில் ஒரே ஒருமுறை. ஏப்ரல் மாதக் குளிர், மைதானத்தில் பாதி இருக்கை காலி. மூன்றாவது தடவையாக ஸ்ட்ரைக் அவுட் ஆகித் திரும்பிய ஒரு பையனைப் பார்த்து ஏதோ கத்தினேன். பெரிய மைதானத்தில் அது கூட்டத்தோடு போய்விடும். இங்கே அவன் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, யார் கத்தியது என்று வரிசை வரிசையாகப் பார்த்தான். நான் பாப்கார்னுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். ட்ரிபிள்-ஏ பையன்களிடம் அதற்குப் பிறகு வாலாட்டுவதில்லை.

ரஃபேல் டெவர்ஸை விற்ற விஷயத்தில் யார் பக்கம்?

அது 2025 ஜூனில் நடந்த டிரேட், ஆனால் விதை குளிர்காலத்தில் போட்டது. 2025 பிப்ரவரியில் அலெக்ஸ் பிரெக்மனை மூன்று வருடத்துக்கு 12 கோடி டாலருக்கு எடுத்தார்கள். அவரும் தேர்ட் பேஸ், டெவர்ஸும் தேர்ட் பேஸ். பத்து வருடத்துக்கு 31 கோடியே 35 லட்சம் டாலர் கொடுத்து வைத்திருக்கிற ஆளிடம் முன்னாலேயே உட்கார்ந்து பேசாமல் வேறொருவரைக் கூட்டி வந்தார்கள். பிறகு "நீ ஃபீல்டிங்குக்கு வராதே, அடித்தால் போதும்" என்றார்கள். சீசனின் முதல் ஐந்து ஆட்டத்தில் டெவர்ஸ் 19 முறை அடிக்கப் போய் ஒரு ஹிட் இல்லை, 15 ஸ்ட்ரைக் அவுட். பிறகு சரியாகிவிட்டார். மே மாதம் ட்ரிஸ்டன் காசாஸ் முழங்காலில் அடிபட்டு விழுந்ததும் "ஃபர்ஸ்ட் பேஸ் ஆடு" என்றார்கள். அவர் முடியாது என்றார். ஜூன் 15 அன்று, யாங்கீஸை மூன்று ஆட்டமும் ஜெயித்த அதே ஞாயிற்றுக்கிழமை, சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டெவர்ஸ் ஃபர்ஸ்ட் பேஸ் கையுறையை வாங்கியிருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் மூத்த பிள்ளையின் அறையைக் கேட்காமலே விருந்தாளிக்குக் கொடுத்தால், அவன் அடுத்த வேலையை முகம் சுளிக்காமல் செய்வானா? அவருக்குப் பதிலாக வந்த ஜோர்டன் ஹிக்ஸின் ஈ.ஆர்.ஏ. எங்களிடம் 8-ஐத் தாண்டியது. அதே வருடம் அணி 89 ஆட்டம் ஜெயித்து ப்ளே ஆஃப் சுற்றுக்குள் போனது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒருவர் சொல்லாமல் விடமாட்டார்.

ஹண்டர் ரென்ஃப்ரோவைக் கொடுத்து ஜாக்கி பிராட்லியைத் திரும்ப வாங்கியது சரியா?

31 ஹோம் ரன் அடித்தவரைக் கொடுத்து .163 அடித்தவரை வாங்கினார்கள், 2021 டிசம்பரில். பாசத்தில் நானும் முதலில் சந்தோஷப்பட்டேன். 2018 லீக் இறுதியில் மூன்றே ஹிட்டில் ஒன்பது ரன் கொண்டுவந்து எம்.வி.பி. ஆனவர் அல்லவா. அடுத்த ஆகஸ்டில் விடுவித்துவிட்டார்கள். கூட வந்த டேவிட் ஹாமில்டன் என்ற பையன் 2024-இல் 33 பேஸ் திருடினான் (பந்து அடிபடாமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது), அது மட்டும்தான் மிச்சம்.

நாலு இளம் பையன்களைக் கொடுத்து காரெட் க்ரோஷேயை வாங்கியபோது பயமாக இல்லையா?

இருந்தது. கைல் டீல், பிரேடன் மாண்ட்கமரி, சேஸ் மெய்ட்ரோத், விக்கெல்மன் கொன்சாலஸ். 2024 டிசம்பர். இவர்களில் சிலரை வூஸ்டரில் பார்த்துப் பழகியவன் நான். டீல் கேட்ச்சராக (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) உட்கார்ந்தால் பிட்ச்சருக்கே தைரியம் வரும். கொடுத்தது சிகாகோ வொயிட் சாக்ஸுக்கு, 2024-இல் 121 ஆட்டம் தோற்ற அணி. அங்கே பந்து வீசிக்கொண்டிருந்த க்ரோஷேயை எவ்வளவு நம்பலாம்?

முழுக்க நம்பலாம் என்று ஆனது. 2025-இல் 18 வெற்றி, 255 ஸ்ட்ரைக் அவுட், இரண்டு லீகிலும் சேர்த்து அதுதான் அதிகம். யாங்கீ ஸ்டேடியத்தில் ப்ளே ஆஃப் முதல் ஆட்டத்தில் 117 பந்து வீசி 11 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அடுத்த இரண்டு ஆட்டம் தோற்று வெளியே வந்தோம், அது அவர் தப்பில்லை. டீலும் 2025-இல் சிகாகோவில் நன்றாகவே அடித்தார். அவர் ஹிட் அடித்த செய்தி வந்தால் எனக்கு எரிச்சல் வருவதில்லை. ஜெயிக்க வாங்கினோம், அவர்களும் நல்ல பொருள் வாங்கினார்கள்.

2025 குளிர்காலத்தில் வந்த பிட்ச்சர் சானி க்ரே என்ன ஆவார்?

2025 நவம்பரில் செயின்ட் லூயிஸிலிருந்து வாங்கியிருக்கிறோம். அப்போது வயது 36, 2025 சீசனில் 14 வெற்றி, 201 ஸ்ட்ரைக் அவுட், ஆனால் ஈ.ஆர்.ஏ. 4.28. விற்றவர் யார் தெரியுமா? கைம் ப்ளூம். பெட்ஸை விற்றபோது பாஸ்டனில் டிரேடுகளை முடிவு செய்கிற நாற்காலியில் இருந்தவர், இப்போது செயின்ட் லூயிஸை நடத்துகிறார். அவர் கையிலிருந்து ஏதாவது வாங்கும்போது என் வயிற்றில் ஏதோ புரளத்தான் செய்கிறது.

க்ரே 2018-இல் யாங்கீஸில் இருந்தார். வெளியூரில் ஒழுங்காக வீசுவார், சொந்த மைதானத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்குக் கிட்டத்தட்ட ஏழு ரன் கொடுப்பார். நியூயார்க் கூட்டம் அவரை எப்படித் திட்டியது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் யாங்கீஸ் அவரை சின்சினாட்டிக்குத் தள்ளிவிட்டது. அடுத்த வருடமே ஈ.ஆர்.ஏ. 2.87, ஆல்-ஸ்டார் அணியில் இடம்.

ஏப்ரலில் ஃபென்வேயில் அவர் முதல் இரண்டு ஆட்டத்தில் அடி வாங்கினால் என் பக்கத்து இருக்கைக்காரர் கத்துவார். மே மாத ஆட்டம் ஒன்றுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன்.